முதுகில் ஒட்டிய மண்

கேளுங்கள் பிள்ளைகளே; பெரியவர்களும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றங்கரையில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவிடம் ஒரு மல்லன் இருந்தான். பெயர் மாயழகு.

மாயழகு தோற்றதே இல்லை. ஆனால் வயதாகிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் சம்மதிக்காது. அவன் மனைவி செவந்தி ஆற்றில் தனியாகப் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அடுத்த வெள்ளத்துக்குள் நானும் வந்துவிடுகிறேன்" என்று வருஷாவருஷம் சொல்வான். வெள்ளம் வரும், அவன் வரமாட்டான். போன வெள்ளத்தில் பரிசல் சுழலில் மாட்டி, செவந்தி பிழைத்ததே பெரிய காரியம்.

அவன் என்ன செய்வான்? அரண்மனை மல்லனின் முதுகில் கோதா மண் ஒட்டினால்தான் அவனுக்கு விடுதலை. அது அந்த நாட்டு வழக்கம்.

சரி, இந்த வருஷம் தோற்றுவிடுவது என்று முடிவு செய்தான். முதலில் வடக்கேயிருந்து ஒருவன் வந்தான். மாயழகு விழத்தான் நினைத்தான். இடுப்பில் கை பட்டதும் பழகிய உடம்பு தானாகத் திரும்பி, வந்தவனைத் தூக்கிப் போட்டுவிட்டது. இரண்டாவது ஆள் மேற்கேயிருந்து வந்தான். விழப்போகும் நேரம் பார்த்து ஊரே மாயழகின் பெயரைச் சொல்லிக் கத்தியது. மாயழகுக்கு ரோஷம் வந்துவிட்டது, அந்த ஆளும் தோற்றுப் போனான். மூன்றாவது ஆள் பாவம், மாயழகு தொடை தட்டிய சத்தத்திலேயே மல்லாந்துவிட்டான்.

அப்போது செவந்தி துடுப்போடு கோதாவுக்குள் வந்தாள்.

"ஏங்க, ஆத்துல தண்ணி ஏறுது. கெளம்புங்க."

"என்னைத் தள்ள ஆளில்லையே, செவந்தி."

"தள்ளணும்னு யாரு சொன்னா? முதுகுல மண்ணு ஒட்டணும், அவ்வளவுதானே. படுங்க."

மாயழகு ஊரைப் பார்த்தான். ராஜாவைப் பார்த்தான். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன அவள் கையைப் பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்து, மல்லாந்து படுத்தான். பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால். அவன் ஜெயித்த எல்லாச் சண்டையையும்விட இதுதான் கஷ்டம் என்பேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜா எழுந்து நின்றார். "உன்னைச் சாய்த்தது யார், மாயழகு?"

"யாரும் இல்லை மகாராஜா. நானே படுத்தேன்."

"அப்படியானால் நீ தோற்கவில்லை. போய் வா" என்றார் ராஜா. அவர் கண் கலங்கியிருந்தது.

செவந்தி அவன் முதுகு மண்ணைத் தட்டிவிடப் போனாள். "இருக்கட்டும்டீ, வீடு வரைக்கும் இருக்கட்டும்" என்றான் மாயழகு.

அந்த வருஷமும் வெள்ளம் வந்தது. பரிசலில் இரண்டு துடுப்புகள் இருந்தன. சுழலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்களைத் தூக்கிப் போட்ட அந்தக் கைகள் அக்கரையில் குழந்தைகளைத் தூக்கி இறக்கிவிட்டன. ஒரு குழந்தையைக்கூட அவன் கீழே போட்டதில்லை.

ஆகவே பிள்ளைகளே, விலக வேண்டிய நேரத்தில் தானாக விலகுகிறவன் தோற்றவன் அல்ல.