திரும்பிப் பார்த்தவர்

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் எஸ்தர் பைக் பந்தயப் பள்ளியில் சேர்ந்தது பயிற்சியாளர் பூபதிக்குப் பொறுக்கவில்லை.

காலை வகுப்பில் அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "டிராக்கில் கழுத்தைத் திருப்பினால் வண்டி விலகும், பின்னால் வருகிறவன் சாவான். திரும்பிப் பார்த்தவர் யாரானாலும் அன்றைக்கே வெளியே!"

மதியம் எல்லோர் எதிரிலும் அவளை நிறுத்தினார். "ஏய் சோத்து மூட்டை! அந்த ஓட்டை வண்டியில என் பின்னாடியே வா. மூணாவது வளைவுல பார்ப்பேன். நீ இல்லேன்னா பந்தய லைசென்ஸ் கிடையாது, வீட்டுக்குப் போ."

அவருடையதோ இருப்பதிலேயே பெரிய வண்டி. எஸ்தரின் முகம் சிவந்தது.

"நீங்களே பார்ப்பீங்களா சார்?"

"நானேதான்!"

பூபதி சீறிக் கிளம்பினார். அவள் நிதானமாக ஒரு சுற்று வந்து அவர் அருகில் நிறுத்தினாள்.

"பார்த்தேன், ஆளையே காணோம். கிளம்பு!" என்று கத்தினார் பூபதி.

"பந்தய வண்டியில கண்ணாடி கிடையாதே, எப்படிப் பார்த்தீங்க?"

"கழுத்தைத் திருப்பித்தான்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நான் ஒட்டி வந்திருந்தா இந்நேரம் என்னைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றாள் எஸ்தர், பல்லைக் கடித்தபடி. "இப்ப யார் சார் வெளியே போகணும்?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற டிராக் பொறுப்பாளர், போய்ப் பூபதிக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்.

எஸ்தர் மறுபடி டிராக்கில் இறங்கினாள். அவர் போவதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.