நூறாவது படம்

அறந்தாங்கிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கெல்லாம் ஆரோக்கியம்தான் குரு. மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பேச்சு ரொம்பக் குறைவு. இருபத்தைந்து வருடத்தில் எடுத்த கல்யாணங்களில் வெட்டிய துண்டு ஒன்றைக்கூட அவர் எறிந்தது கிடையாது. கொட்டாவி விட்டவர், சம்பந்தியோடு மல்லுக்கு நின்றவர், வாய் நிறையச் சோற்றோடு மாட்டிக்கொண்டவர் எல்லாரும் அவருடைய அலமாரியில் பத்திரமாக இருந்தார்கள்.

அவரிடம் வந்து சேர்ந்த சீடருக்கு அவரைவிட மூன்று வயது கூடுதல். பெயர் வயிரவன். தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கியவர். யூடியூபில் சேனல் தொடங்கும் ஆசையில் எடிட்டிங் கற்றுக்கொள்ள வந்தார். சேனலுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று: ‘ஆம்பளையாப் பொறந்தா பார்க்க வேண்டிய நூறு படம்.’

தொண்ணூற்றொன்பது தேறிவிட்டது. நூறாவதுதான் சிக்காமல் தண்ணி காட்டியது.

ஒரு நாள் மத்தியானம் பட்டியலை மாஸ்டரிடம் நீட்டினார்.

“இதுல நீங்க எத்தனை பார்த்திருக்கீங்க மாஸ்டர்?”

மாஸ்டர் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒண்ணும் பார்க்கல சார்.”

வயிரவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருவென்று நம்பி வந்த ஆளா இப்படிச் சொல்கிறார்?

“ஏழாவது? அதைக்கூடவா?”

“அதையும்தான்.”

“வெளியில சொல்லிடாதீங்க மாஸ்டர். கொடுத்த வாக்குக்காக ஹீரோ ஒத்தை ஆளா ஊரையே எதிர்த்து நிப்பான். அதைப் பார்க்காதவன் ஆம்பளையா? நான் எப்பப் பார்த்தேன் தெரியுமா? என் கல்யாணத்தன்னைக்கு! தாலி கட்டின கையோட சிநேகிதனுங்க தள்ளிட்டுப் போயிட்டானுங்க. முதல் நாள், மதியக் காட்சி. மாலையைக் கழட்டி பைக்ல மாட்டிட்டு உள்ள போனோம்.”

இந்தக் கதையை அவர் சொல்லாத இடம் கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“வீட்டுல அவங்க திரும்பி வந்தாச்சா?” என்று கேட்டார்.

வயிரவனின் முகம் தொங்கிப்போனது. மனைவி தெய்வானை பட்டுக்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. இனிமேல் வருவதாக இல்லை என்று தங்கை மூலமாகச் சொல்லிவிட்டாள். காரணம் புரியாமல் மனுஷன் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தார்.

“ஒண்ணுமே நடக்கல மாஸ்டர். அன்னைக்கு நீங்க எடுத்த எங்க கல்யாண கேசட்டை உங்ககிட்டயே குடுத்து பென் டிரைவ்ல ஏத்தி வாங்கிட்டு வந்தா. இருபத்தஞ்சு வருசம் ஆச்சு, சேர்ந்து உக்காந்து பார்ப்போம்னா. இதெல்லாம் ஒரு படமான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். மறுநாள் காலையில பெட்டியோட நிக்கிறா.”

“நீங்க அதைப் பார்த்ததே இல்லையா?”

“என் கல்யாணம்தானே? எனக்குத் தெரியாததா அதுல இருக்கப் போகுது?”

மாஸ்டர் எழுந்தார். அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டு ஒரு கேசட்டை எடுத்தார். முதுகில் ‘வயிரவன் – தெய்வானை, வெட்டியது’ என்று எழுதியிருந்தது. தூசியைத் துடைத்துப் பழைய டெக்கில் போட்டார்.

“நூறாவது படம் தேடினீங்களே. விட்டு விட்டு எடுத்தது, பன்னிரண்டு நிமிசம்தான்.”

திரையில் சாப்பாட்டுப் பந்தி. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் பந்தி. பட்டுப் புடவையும் மாலையுமாகத் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். முன்னால் இலை நிறையப் பரிமாறியிருந்தது. பக்கத்தில் இன்னொரு இலை, அதுவும் நிறைய. நாற்காலி மட்டும் காலி.

“இது எப்ப எடுத்தது?” என்று கேட்டார் வயிரவன்.

“நீங்க ஏழாவது படம் பார்த்துக்கிட்டு இருந்தப்போ.”

திரையில் யாரோ குனிந்து கேட்டார்கள். “மாப்பிள்ளை எங்கம்மா?”

“தலைவலி அத்தை. மாடியில படுத்திருக்காங்க. இப்ப வந்துடுவாங்க.”

வயிரவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தலைவலியே வந்ததில்லை.

அடுத்து ஒரு பெரியவர். அதே கேள்வி, அதே பதில். அப்புறம் எதிர்வரிசையில் ஒரு பெண் என்னவோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். தெய்வானையும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். பாயசம் ஆடை கட்டியது. அப்பளம் நமுத்துச் சுருண்டது. எதிர்வரிசை சாப்பிட்டு எழுந்து, அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது.

அவளுடைய அப்பா வந்து காதருகே குனிந்தார். “நீ சாப்பிடு தாயி.”

“அவங்க வந்துடட்டும்ப்பா.”

அப்பா கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, இதை எடுக்காதீங்கய்யா.” கேமரா விளக்கு அணைந்தது. ஆனால் படம் மங்கலாக ஓடிக்கொண்டே இருந்தது.

வயிரவன் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் செத்துப் பதினொரு வருடம் ஆகிறது. ஒரு நாள்கூட அந்த மனுஷன் இதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மூன்றாவது வரிசையும் எழுந்து போயிற்று. ஒரு பருக்கை தொடாத இலையைத் தெய்வானை மடித்தாள். தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மடித்தாள், துக்க வீட்டில் மடிப்பது போல.

“ஐயோ!” என்றார் வயிரவன்.

திரையில் அவளுக்கும் பகீரென்றிருக்க வேண்டும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவசர அவசரமாக இலையைப் பிரித்தாள். எதிர்ப்பக்கத்தைத் தன் பக்கமாகக் கொண்டுவந்து மறுபடி மடித்தாள். பிறகு எட்டிப் பக்கத்து இலையையும் அதேபோல் மடித்து, அது விரிந்துவிடாமல் கொஞ்ச நேரம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு படம் நின்றது. டெக் மட்டும் இரைந்தது.

பட்டியல் வயிரவனின் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

“இதை ஏன் மாஸ்டர் வெட்டினீங்க? இது கேசட்டுல இருந்திருந்தா என்னைக்காவது என் கண்ணுல பட்டிருக்குமே!”

“நானா வெட்டல சார்.”

“பின்ன யாரு?”

“கல்யாணம் ஆன பத்தாம் நாள் அவங்க தனியா கடைக்கு வந்தாங்க. ‘அவங்க ஆசையாப் பார்க்க உக்காரும்போது இது வந்தா மனசு சங்கடப்படுவாங்க, எடுத்துடுங்க’ன்னாங்க. எடுத்துட்டேன்.”

மாஸ்டர் கேசட்டை வெளியே எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நீங்கதான் இன்னும் உக்காரவே இல்லை.”