தொட்டால் அதற்குப் பேர் வேறு

கயத்தாற்றுக்குக் கிழக்கே, கரிசலின் நடுவே, ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் வேலிக்கு மேலே, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பிகள் ஓடின. வேலி சாதாரண இரும்புக் கம்பிதான். கல்தூண்களில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஒன்று ஓடும்.

வேலிக்குள் முதல் குருவின் சமாதி இருந்தது. ஆகவே ஓடியதை அருள் என்றார்கள்.

இப்போது குருவாக இருந்தவர் நாச்சியாரம்மாள். அருள் என்று அவர் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. சொன்னவர் ஆவுடையப்பன், குருவைவிட எட்டு வயது மூத்த சீடர். வருகிறவர்களை வேலிக்கு அழைத்துப்போய், "பிடிச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்பார்.

அவருக்குத் தெரிந்த விதம் வேறு. ஆறு வருடத்துக்கு முன், ஒரே மகளைப் புதைத்த பதினாறாம் நாள், திரும்பி வரும் எண்ணமில்லாமல் கல்குவாரிப் பள்ளத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். வழியில் கால் இடறியது. விழாமலிருக்க இந்த வேலியைப் பிடித்தார். யாரோ கையைப் பிடித்தது போலிருந்தது. நின்றார். நின்றவர் இங்கேயே இருந்துவிட்டார்.

போன வாரம் ஒரு சிறுமி வேலியைத் தொட்டுத் திடுக்கிட்டாள். பின்னால் கல்லில் விழுந்து தலையில் நாலு தையல். அன்றைக்கே நாச்சியாரம்மாள் மின்சார ஆபீசுக்குக் கடிதம் எழுதினார்.

வந்தவள் ஓர் இளம் பொறியாளர், பெனாசிர் என்று பேர். கூட ஒரு ஆள். அவன் தோளில் ஆறடி இரும்புத் தடியும் சம்மட்டியும். அவள் டெஸ்டரை வேலியில் வைத்தாள். அதன் சின்ன விளக்கு சிவந்தது.

"கரண்டுதான்."

"படிச்ச பிள்ளைக்கு எல்லாம் கரண்டாத்தான் தெரியும்" என்றார் ஆவுடையப்பன். "மேல உள்ள கம்பி எங்க, வேலி எங்க? நடுவுல முப்பதடி வெறும் காத்து."

"நான் சாமிக்கு விரோதி இல்ல அண்ணாச்சி. வேலிக்கு எர்த் இல்ல, அவ்வளவுதான்." அவள் அண்ணாந்து காட்டினாள். "அது செகண்டுக்கு அம்பது தடவை ஏறி இறங்குது. அது ஏறி இறங்க, தொடாமலே இதுவும் கூடச் சேர்ந்து ஏறி இறங்குது. இது கல்தூண்ல தொங்குறதால மண்ணுக்குப் போக வழியில்ல. நீங்க தொட்டதும், நீங்கதான் வழி."

"மேல உள்ளது ஏறாம இறங்காம ஒரே மாதிரி இருந்தா?" என்று கேட்டார் நாச்சியாரம்மாள்.

"ஒண்ணும் வராதும்மா. மாறுறது மட்டுந்தான் தாண்டி வரும்."

"இதுக்குப் பேர் உண்டா?"

"கபாசிட்டிவ் கப்ளிங். புஸ்தகத்துல மின்தேக்கிப் பிணைப்புன்னு போட்டிருப்பாங்க."

"பிணைப்பா? தொடவேயில்லைன்னீங்களே."

"மேல உள்ள கம்பி வந்து தொட்டா அதுக்குப் பேர் வேறம்மா. அப்புறம் அண்ணாச்சிக்கு மாலைதான் வாங்கணும்."

சம்மட்டிக்காரன் சிரித்தான். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"இதுக்கு உபயோகம் உண்டா?" என்றார் நாச்சியாரம்மாள்.

"உண்டும்மா. சப்ஸ்டேஷனுக்குச் சப்ஸ்டேஷன் நாங்க பேசுறதே இந்தக் கம்பி வழியாத்தான். நடுவுல ஒரு கபாசிட்டர் வச்சிருப்போம். ஆளைக் கொல்ற கரண்டை அந்தப் பக்கமே நிறுத்திரும். செகண்டுக்கு லட்சம் தடவை ஏறி இறங்குற அலையில ஏத்தின குரலை மட்டும் இந்தப் பக்கம் விடும்."

நாச்சியாரம்மாள் மேலே ஓடும் கம்பிகளைப் பார்த்தார். பிறகு, "தடியை அடிச்சிருங்க" என்றார்.

ஆவுடையப்பன் குறுக்கே வந்தார்.

"வேண்டாம்மா."

"அந்தப் பிள்ளைக்கு நாலு தையல், அண்ணாச்சி."

"பிள்ளைங்க வராம நான் பாத்துக்கிடுதேன். இதை விட்டுருங்க."

"ஏன்?"

அவர் குரல் இறங்கியது. "இது வெறும் கரண்டுன்னா, அன்னைக்கு என் கையைப் பிடிச்சது யாரு?"

நாச்சியாரம்மாள் சம்மட்டிக்காரன் பக்கம் திரும்பினார். சம்மட்டியை அந்த ஆளிடமிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார்.

"நீங்களே அடிங்க."

குரு தன்னிடம் நேரே சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. அடித்தார். மேல்மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதற்குக் கீழே ஈரம். தடி இறங்க இறங்க மண் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை கொப்பளித்தது. ஒரு சாண் மிச்சமிருக்கையில் பெனாசிர் போதும் என்றாள். ஒரு கம்பியால் வேலியையும் தடியையும் சேர்த்து முறுக்கினாள்.

ஆவுடையப்பன் வேலியைத் தொட்டார். இரும்பு. வெயிலில் காய்ந்த வெறும் இரும்பு.

"நின்னு போச்சு" என்றார்.

"நிக்கல அண்ணாச்சி. வர்றது வந்துக்கிட்டுத்தான் இருக்கு. யாரையும் உலுக்காம மண்ணுக்குப் போகுது" என்றாள் பெனாசிர்.

அவள் மோர் குடித்தாள், தாளில் கையெழுத்து வாங்கினாள், போய்விட்டாள்.

பிற்பகலில் ஆவுடையப்பன் இரண்டு வேட்டியையும் ஒரு துண்டையும் பையில் திணித்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"உத்தரவு குடுங்கம்மா."

"எங்க?"

"அன்னைக்குப் போன வழி அங்கேயேதானே இருக்கு."

"என்ன குறை?"

"ஆறு வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லியிருக்கேன். அதைக்கூடப் பொறுத்துக்கிடலாம். எனக்கே யாரும் இல்லைன்னு ஆயிட்டுதே."

நாச்சியாரம்மாள் அவரைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி பஸ்ஸில் இறங்கிய ஒருவர் வேலிக்கு வெளியே நின்றார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. வேலியை ஒரு கையால் தொட்டார். எடுத்தார். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

"ஒண்ணும் வரலியே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கையை விட்டார். மடத்து வாசலைப் பார்க்கவில்லை. குவாரிப் பாதை பக்கம் திரும்பி மெல்ல நடக்கத் தொடங்கினார்.

ஆவுடையப்பனுக்கு அந்த நடை தெரிந்தது. பை கையிலிருந்து நழுவியது.

"அம்மா, இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு என்னைப் பிடிச்சது யாரு?"

"நாளைக்கு அவரும் அதையேதான் கேப்பாரு" என்றார் நாச்சியாரம்மாள். "ஓடுங்க அண்ணாச்சி."