மலையுச்சியில் ஒரு படகு

முன்னொரு காலத்தில் மஞ்சநல்லூரை மருதப்ப பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தது நினைத்தபோதே நடக்க வேண்டும். மொட்டைமலை உச்சியில் குளம் வெட்டிப் படகு விட வேண்டுமென்று ஒருநாள் ஆசை வந்துவிட்டது.

விருந்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரக் கட்டடத் துரை மலையை அண்ணாந்து பார்த்தார். "பாசிபிள். பட், நாட் ஃபீசிபிள்" என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார்.

"என்னய்யா சொன்னார்?" என்றார் ராஜா.

துரைமார் பேச்சைத் தமிழில் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் துபாஷி கனகராயனுக்கு முதல் வார்த்தைதான் தெரியும். மற்றது தெரியாதென்றால் மந்திரி அழகர்நம்பி சிரிப்பாரே! "இரண்டும் ஒன்றுதான் மகாராஜா. முடியும்!" என்றான்.

"நாட் என்றால் இல்லை என்று எனக்கே தெரியுமே. முடியும், ஆனால் முடியாது என்றா சொன்னார்?"

"அது துரைமார் மரியாதைப் பேச்சு. நாளைக்கே ஊர் மாடுகளைத் தண்ணீர் இழுக்க அனுப்புங்கள்!"

மந்திரிக்குப் பகீரென்றது. அது விதைப்புக் காலம்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. முடியுமா, முடியாதா? போதாக்குறைக்கு, கை எட்டாத இடத்தில் முதுகு வேறு அரித்தது.

"யானையை விட்டுச் சொறியச் சொல்லலாமே. முடியுமா துபாஷி?" என்றார் மந்திரி.

"பேஷாக முடியும்!"

யானையா? ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அரிப்பு தாங்காமல் தலையாட்டினார். யானை வந்தது. தலை சபைக்குள் நுழைந்தது, வயிறு வாசலில் சிக்கிக்கொண்டது. நீண்டு வந்த தும்பிக்கை கிரீடத்தைத் தட்டிவிட்டது. அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"ஐயோ, யாராவது சொறியுங்களேன்!"

மந்திரி விசிறி வீசுகிறவனிடமிருந்து விசிறியை வாங்கி, அதன் காம்பால் சொறிந்தார். "அப்பாடா!" என்று ராஜா கண்ணை மூடினார்.

"யானை சொறிவது பாசிபிள் மகாராஜா. விசிறிக் காம்புதான் ஃபீசிபிள். இருக்கிற ஆளையும் நேரத்தையும் வைத்து, வேறு காரியம் கெடாமல் செய்யக்கூடியது என்று அர்த்தம்."

"அப்போ என் குளம்?"

"நிரம்பும். உழ வேண்டிய மாடு மலையேறினால் குளம் நிரம்பும், ஊரில் ஒரு வயிறும் நிரம்பாது."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. "படகை ஆற்றிலேயே விடுவோம்" என்று தன் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினார். பிறகு துபாஷியிடம் திரும்பினார். "பேஷாக முடியும் என்றாயே, யானையை வெளியே தள்ளு."

கனகராயன் மூச்சைப் பிடித்துத் தள்ளினான். யானை காதை ஆட்டியது, காலை நகர்த்தவில்லை.

"என்னய்யா, முடியுமா?"

"பாசிபிள் மகாராஜா" என்றான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அந்த இன்னொரு வார்த்தை?"

துபாஷி தலை குனிந்துகொண்டான். "அது இல்லை மகாராஜா."