உச்சியில நட்ட தடி

எறங்கும்போது மூணாவது வளைவுல திருமூர்த்தியோட இடது முட்டி மடங்கிருச்சு. பாறை மேல உக்காந்தவரால எந்திரிக்க முடியல.

காலையில உச்சிக்கு முதல்ல போய் நின்னது அவர்தான். அறுபத்தொரு வயசு, பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு மலையேத்தம் சொல்லித் தர்ற குரு செங்கமலத்துக்கு முப்பத்திரெண்டுதான். இன்னைக்கு சொந்தக் கால்ல ஏறி எறங்கிட்டா, பௌர்ணமிக்கு வர்ற பன்னெண்டு பேரை அவரே கூட்டிட்டுப் போலாம்னு சொல்லியிருந்தாங்க.

குரு பின்னாடியே வந்து நின்னாங்க.

"மூங்கில் தடி எங்கண்ணா?"

"உச்சியில நட்டுட்டேன் சாமி. துண்டைக் கட்டி, கொடி மாதிரி."

"எதுக்கு?"

"ஏறிட்டேன்னு தெரியட்டும்னுதான். எறங்கறதுக்குத் தடி எதுக்கு? எறக்கத்துல வண்டி தானாப் போகும்ல."

"பிரேக் பிடிக்காமயா ஓட்டுனீங்க?"

அவர் முட்டியை நீவி விட்டுக்கிட்டார்.

"தூக்கிட்டுப் போக ஆள் வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சாமி. நானே வர்றேன்."

குரு தன்னோட தடியை நீட்டுனாங்க.

ஏற மூணு மணி நேரம்தான் ஆச்சு. எறங்க ஆறு. ஒருக்களிச்சு ஒருக்களிச்சு கால் வச்சார். செங்குத்தான எடத்துல உக்காந்தே நகர்ந்தார். ஏறி வந்த பசங்க சிரிச்சாங்க.

"என்ன பெரியவரே, சறுக்கு மரமா?"

"ஆமா தம்பி. டிக்கெட் வாங்கியாச்சு, பாதியில எறங்க முடியாது."

கையில தடி உறுத்துச்சு. கத்தியால வெட்டின கோடுங்க. பதினாலு இருந்துச்சு.

"இது என்ன சாமி?"

"கீழ போய்ச் சொல்றேன்."

அடிவாரத்துல, சமதரையில கால் வச்சப்ப ரெண்டு காலும் வெடவெடன்னு ஆடுச்சு. ஆனா நின்னார். தடியைக் குருகிட்டக் கொடுத்துட்டு, எதையும் பிடிக்காம நின்னார்.

குரு பையிலிருந்து கத்தியை எடுத்தாங்க. தடியையும் கத்தியையும் சேர்த்து அவர் கையில கொடுத்தாங்க.

"ஒவ்வொரு தடவையும் இங்க வந்து நின்னுதான் கோடு போடுவேன். இன்னைக்கு நீங்க போடுங்க. பௌர்ணமிக்கு இந்தத் தடியோட நீங்க முன்னாடி நடங்க, நான் பின்னாடி வர்றேன்."

திருமூர்த்தி பதினஞ்சாவது கோட்டை நிதானமா, ஆழமா வெட்டினார். முதுகு தானா நிமிர்ந்துச்சு. தலையைத் தூக்கி உச்சியப் பார்த்தார்.

"அப்ப மேல நட்டனே சாமி, அந்தத் தடிக்கு ஒரு கோடுகூடக் கிடையாதா?"

"அது இன்னும் எறங்கலைங்களேண்ணா."