தவளை உட்கார்ந்த இடம்

பிஞ்சுக் காலுக்கு மண்ணாகவும், ஏறும் மூச்சுக்குக் காற்றாகவும், களைத்தவர்க்கு நிழலாகவும் முன்பே வந்து காத்திருக்கும் பெருமானின் திருவடிகள் வெல்க. அவன் பெயரை நினைத்த பிறகே மற்றவர் பெயரைச் சொல்லுதல் முறை.

வெண்குன்றத்தின் அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவர் கூத்தபிரான் அடிகள். அவருடைய சீடர்களுள் ஒருத்தி குழலி. நாற்பதைக் கடந்தவள். காவி உடுத்துமுன் பால்வாடியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பணிவு உடையவள்தான், வாயை மூடிக்கொள்ளும் பணிவு மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை.

அந்த மலைக்கு ஒரு முறைமை உண்டு. அடிவாரத் தூணைத் தாண்டி ஏறத் தொடங்கியவர் உச்சியில் பெருமானைக் காணும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏறுகிறவர் பின்னால் பெருமானே நடந்து வருகிறான் என்றும், திரும்பிப் பார்த்தால் பார்த்த இடத்திலேயே நின்றுவிடுவான் என்றும் மூத்தோர் சொல்லிவைத்தனர். மடத்தைச் சேர்ந்தவர் திரும்பினால் காவியைக் களைந்து கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். குழலி அறிய ஒருவரும் திரும்பியதில்லை.

தை பிறந்ததும் ஊர்க் குழந்தைகளுக்கு முதலேற்றம் நடக்கும். அதுவரை தகப்பன்மார் தோளில் சுமந்து ஏறினார்கள். இந்த ஆண்டு குழந்தைகள் தம் காலாலேயே நடக்கட்டும் என்று அடிகள் சொன்னார். பாதையைப் பார்த்துத் திட்டம் வகுக்கும் பொறுப்பைக் குழலியிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அவள் அடிகள் முன் வந்து நின்றாள். முழங்கால் பக்கம் காவித்துணி கிழிந்து இரத்தம் கசிந்திருந்தது.

"விழுந்தாயா?"

"இல்லை, சுவாமி. முழங்காலில் நடந்தேன்."

அருகில் இருந்த மடத்துக் காரியஸ்தர் ஏகாம்பரம் கண்களை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எத்தனை பெரிய வேண்டுதல்!"

"வேண்டுதல் ஒன்றும் இல்லை ஐயா. குழந்தைகளின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கிருந்து பாதையைப் பார்க்க வேண்டியிருந்தது. வழியில் ஒரு அம்மாவும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டு என் காலில் விழுந்து திருநீறு கேட்டாள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பாதை பார்க்கிறேன் என்றேன். 'அதுக்கு ஏன் தாயி முட்டியத் தேய்க்கிற, இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போனா ஆச்சு' என்று சொல்லிவிட்டுப் போனாள்."

அடிகளின் உதட்டோரம் அசைந்தது. "என்ன பார்த்தாய்?"

"நம் முழங்காலில் உரசும் முள் அவர்கள் கண்ணுக்கு நேரே நிற்கிறது. வெட்டிவிட்டேன். நமக்குப் படி, அவர்களுக்குச் சுவர். சுனை வரைக்கும் பாதை மண்ணாக இருக்கிறது, நிழலும் இருக்கிறது. அதற்கு மேலே படிகள் தொடங்குகின்றன. ஆகவே சுனையோடு போதும். வெயில் ஏறுமுன் புறப்படலாம். பொரியும் வெல்லமும் கொண்டுபோகலாம். வழியில் எறும்பு வரிசை கிடைத்தால் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்."

"எறும்புக்கு நேரம் வைத்தாய். இறைவனுக்கு?"

"எறும்பு போக மிச்சமிருந்தால் பார்க்கலாம், சுவாமி."

ஏகாம்பரத்துக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அடிகள் கோபித்துக்கொள்ளவில்லை, இளகவும் இல்லை.

"சுனையோடு திரும்புவது உலாவல். ஏற்றம் ஆகாது, முறையும் ஆகாது. உச்சிக்குப் போய் வா."

"ஏறமாட்டார்கள்."

"ஏறுவார்கள். நீ விளக்கேந்தி முன்னால் போ. ஏகாம்பரம் மணியோடு உன் வலப்புறம் வருவார். குழந்தைகள் பின்தொடரட்டும்."

"பின்னால் வருகிற பிள்ளைகளைப் பார்க்காமல் எப்படி நடத்திப் போவேன்? அவராவது கடைசியில் வரட்டும்."

"மணி எப்போதும் விளக்கின் வலப்புறம்தான், அம்மா," என்றார் ஏகாம்பரம். "வழிவழியாக வருவது."

"சரி. பிள்ளைகளும் திரும்பக் கூடாதா? முன்னால் பார்த்து நடக்கும் பிள்ளையை இன்னும் நான் கண்டதில்லை."

"குழந்தைகளுக்கு விலக்கு உண்டு," என்றார் அடிகள். "உனக்கு இல்லை."

குழலி வணங்கினாள். அந்த வணக்கத்தில் சம்மதம் இருந்ததா என்பதை அவளே அறியாள்.

கண்ணை மூடச் சொன்னால் காதைத் திறந்துகொள்ளலாம் என்று அவள் எண்ணினாள். புறப்படும் காலையில் குழந்தைகளைத் தூணருகே உட்காரவைத்தாள். ஆளுக்கு ஒரு குரலைத் தெரிந்தெடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒருத்தி குயில். ஒருவன் காகம். இரட்டைப் பிறவிகள் இருவரும் ஆடு என்று அடம்பிடித்தார்கள். ஒன்று பெரிய ஆடு, ஒன்று குட்டியாடு என்று வழக்கைத் தீர்த்தாள். எல்லாரிலும் சிறியவன் பூக்காரி பேச்சியம்மாளின் மகன் தவசி. சளி பிடித்திருந்ததால் அவன் குரல் கட்டியிருந்தது.

"நீ என்னப்பா?"

"தவளை," என்றான் தவசி. அதற்கென்றே பிறந்த குரல்.

"நடக்கும்போது எல்லாரும் உங்கள் குரலில் கூப்பிட்டுக்கொண்டே வரவேண்டும். நிறுத்தக் கூடாது. தெரிந்ததா?"

தூணைத் தாண்டினார்கள். விளக்கேந்தி அவள் முன்னால் போனாள். பின்னால் காடே எழுந்து வருவது போல் ஓசை கேட்டது. குயில் கூவிற்று. காகம் கரைந்தது. ஆடுகள் இரண்டும் ஒன்றையொன்று மிஞ்சின. எல்லாவற்றுக்கும் அடியில் தவளை. ஏகாம்பரம் மணியை ஓங்கி அடித்தார். காகம் அதனினும் ஓங்கிக் கரைந்தது.

"திருமலையில் இது என்ன சந்தைக்கடை?" என்று அவர் முணுமுணுத்தார்.

"இந்தச் சந்தையில் ஒரு சரக்கு குறையாமல் இருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டு வருகிறேன், ஐயா."

சுனையைத் தாண்டினார்கள். படிகள் தொடங்கின. ஓசை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. ஆடுகளுக்கு மூச்சிரைத்தது. குழலி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். குயில். காகம். பெரிய ஆடு. குட்டியாடு.

அவள் கால் அப்படியே நின்றது.

"தவளை எங்கே?"

பின்னால் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"தவளை எங்கேடா, கண்ணுகளா?"

"தவளை கீழேயே உக்காந்துடுச்சு, சாமியம்மா," என்றது குயில்.

"எங்கே?"

"அங்ங்ங்க."

அங்கே என்றால் எங்கே? சுட்டிய விரல் அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"திரும்பாதீர்கள், அம்மா," என்று ஏகாம்பரம் பதறினார். "உச்சி இதோ தெரிகிறது. போய்த் தொழுதுவிட்டு இறங்கும்போது கூட்டிக்கொள்ளலாம். மடத்தை நினையுங்கள்! காவியை நினையுங்கள்!"

"நீங்கள் மடத்தை நினையுங்கள், ஐயா. நான் தவளையை நினைக்கிறேன்."

அவள் திரும்பினாள்.

இத்தனை ஆண்டுகள் ஏறிய மலையை, ஏறும்போது அவள் அந்தப் பக்கமாக ஒருமுறையும் கண்டதில்லை. வயல்களும் குளமும் கூரைகளும் கீழே விரிந்து கிடந்தன. அவற்றில் அவள் கண் நிற்கவில்லை. சுனையின் விளிம்பில், பாசி படர்ந்த பாறைமேல், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நீரை எட்டக் கையை நீட்டிக் குனிந்திருந்தான் தவசி.

விளக்கைப் பாறையில் வைத்தாள். பிறகு அவள் இறங்கியதை இறங்கியது என்று சொல்ல முடியாது. பாசியில் அவன் பாதம் வழுக்கிய நொடியில் அவன் கை அவள் கைக்குள் இருந்தது.

மடியில் இருத்திப் பாதத்தைப் பார்த்தாள். முள். பல்லால் கடித்து எடுத்தாள். அவன் அழவில்லை. அழுகைக்கு அப்பாற்பட்ட பெருங்கோபத்தில் இருந்தான்.

"கத்துனேன், கத்துனேன். ஒருத்தருமே திரும்பல."

"ஆமாம், தவசி. திரும்பவில்லை."

"தவளைன்னா திரும்ப மாட்டீங்களா?"

மற்றப் பிள்ளைகள் குதித்துக்கொண்டு இறங்கி வந்து அவளைச் சூழ்ந்தார்கள். அவள் எழுந்து சுனைநீரை மொண்டு எல்லார்க்கும் கொடுத்தாள். பொரி மூட்டையை அவிழ்த்தாள்.

மேலே படியில் ஏகாம்பரம் உச்சியைப் பார்த்தபடியே நின்றார். திரும்ப முடியாதவர் என்ன செய்வார்? முன்னால் இருந்த பாறையை நோக்கிக் கத்தினார்.

"திரும்பிவிட்டீர்களா? சொல்லுங்கள்! நிஜமாகவே திரும்பிவிட்டீர்களா?"

"திரும்பி, இறங்கி, உட்கார்ந்தும் ஆயிற்று!" என்று கீழிருந்து விடை வந்தது. "நீங்களும் வாருங்கள், பொரி இருக்கிறது!"

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு தனியே ஏறினார். குழந்தைகள் சுனையில் மீன் பார்த்தார்கள். தவசி நிஜத் தவளை ஒன்றைக் கண்டுபிடித்து அதனோடு நெடுநேரம் பேசினான். உச்சிவெயிலுக்கு முன் எல்லாரும் அடிவாரம் சேர்ந்தார்கள். பிள்ளைகளை அவரவர் தாயிடம் சேர்ப்பித்துவிட்டுக் குழலி மடத்துக்குள் சென்று அடிகளின் முன் அமர்ந்து காத்திருந்தாள்.

உச்சியில் தொழுதுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். வேர்வையும் விபூதியுமாக நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் பொய் சொல்லாத மனிதர்.

"முறைப்படி காவியை வாங்கி வைக்க வேண்டும், சுவாமி. இல்லையேல் கழுவாயாக நூற்றெட்டு முறை கோயிலைச் சுற்றி வரட்டும். அம்மாவை அனுப்ப எனக்கும் மனம் இல்லை. சுற்றி வந்தால் போதும்."

குழலி நிமிர்ந்தாள்.

"சுற்றமாட்டேன்."

"அம்மா!"

"தவறு செய்தவர் கழுவட்டும். நான் கண்ணால் மட்டும் திரும்பவில்லை, ஐயா; காலாலும் திரும்பினேன். நாளைக்கே ஏறச் சொன்னாலும் திரும்புவேன். சுவாமி சொன்ன சொல்லை மீறினேன். அதற்கு என்ன கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன், இந்தக் காவியைக் கழற்றச் சொன்னாலும். ஆனால் வருந்துவதாகச் சொல்லச் சொல்லாதீர்கள். அது என்னிடம் இல்லை."

அந்த மடத்தைத் தவிர அவளுக்குப் போக்கிடம் இல்லை. அந்தக் குருவைத் தவிர உறவும் இல்லை.

அடிகள் அப்போதும் சினம் கொள்ளவில்லை என்பதைக் கண்ட ஏகாம்பரத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

"புரிந்துவிட்டது! சுவாமி அம்மாவைச் சோதித்திருக்கிறீர்கள். திரும்புவாரா என்று பார்க்கத்தான் திரும்பாதே என்று சொல்லியிருக்கிறீர்கள். என்ன திருவிளையாடல்!"

"இல்லை, ஏகாம்பரம்."

"சுவாமி?"

"சோதனை ஒன்றும் இல்லை. திரும்பக் கூடாது என்றே சொன்னேன். திரும்பமாட்டாள் என்றே நம்பினேன். அவள் என் சொல்லைக் கேட்டிருந்தால் இந்நேரம் பேச்சியம்மாள் நம் வாசலில் கிடந்து அழுதுகொண்டிருப்பாள். என் பிழையை எனக்கே ஞானமாக்கிச் சூட்டாதே."

அடிகள் ஆசனத்தை விட்டு இறங்கினார். குழலிக்கு எதிரே வெறுந்தரையில் அமர்ந்தார். அவள் பதறி எழப் போனாள். கையமர்த்தினார்.

"குழலி, தலை நரைக்கும்வரை இந்த மலையில் ஏறியிருக்கிறேன். ஒருமுறையும் திரும்பியதில்லை. பின்னால் வருகிறவனை நான் பார்த்ததே கிடையாது. நீ பார்த்தாய். எப்படி இருந்தான்?"

எந்தக் கேள்விக்கும் சூடாக விடை வைத்திருந்தவள் சுனையருகே கண்டதை நினைத்துப் பார்த்தாள். பொய் வரவில்லை.

"மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சுவாமி."

"துடைத்தாயா?"

"துடைத்தேன்."

"எதைக்கொண்டு?"

"கையில் வேறொன்றும் இல்லை. இந்தக் காவியால்தான்."

அடிகள் கைகூப்பினார். கூப்பிய கையோடே காரியஸ்தர் பக்கம் திரும்பினார்.

"ஏகாம்பரம், இந்தக் காவியையா வாங்கி வைக்கக் கேட்டாய்? இன்றைய பூசை இதனால் அல்லவா நடந்திருக்கிறது!"

இதைக் கேட்டவர் வழியில் முள் குறைக. அவர் கண்ட சுனைகள் வற்றாதிருக்க. அவர் பின்னால் வரும் சின்னக் குரல் ஒன்றும் கேளாமற் போகாதிருக்க. அவரும் அவர் கைப்பிடித்த பிள்ளைகளும் நீடு வாழ்க.