நாலு சக்கரமும் நாலு எலுமிச்சம்பழமும்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நாம் போய்ச் சேர்ந்த நேரம் அவை வண்டி வாங்கக் கூடியிருந்தன. வண்டி வாங்குகிற நாளில் யார் வீட்டில்தான் ஒற்றுமை இருந்திருக்கிறது, சொல்லுங்கள்?

அந்தக் காட்டின் நடுவே ஒரு மலை. மலை உச்சியில் கரடி வைத்தியரின் குகை. அடிவாரத்திலிருந்து அங்கே போக ஒரே ஒரு செம்மண் ஏற்றம்தான் வழி. வெயில் காலத்தில் அணில்கூட அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். மழை பிடித்துவிட்டால் பாதை முழுக்க முழங்கால் சேறு.

போன மழைக்காலத்தில் புள்ளிமான் பொட்டுக்குப் பிரசவ வலி வந்தது. எருமை காராயி அவளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தச் சேற்றில் ஏறினாள். பாதி ஏற்றத்தில் கால் புதைந்துவிட்டது. ஒரு பகல் முழுக்க இருவரும் அங்கேயே நின்றார்கள். கடைசியில் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தபோது பொட்டு பிழைத்தாள். குட்டி பிழைக்கவில்லை.

யாரும் காராயியைக் குறை சொல்லவில்லை. காராயிதான் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மானைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனத்துப் போகும்.

இப்போது பொட்டு மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. மழைக்கு இன்னும் பத்தே நாள் என்று தவளைகள் வேறு சொல்லிவிட்டன. அதனால்தான் காடே ஒன்றுகூடி, சேர்த்துவைத்த தேனையெல்லாம் கொடுத்து, நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு பெரிய மோட்டார் வண்டி வாங்குவதென்று முடிவு செய்தது. இருந்த தேன் ஒரே ஒரு வண்டிக்குத்தான் காணும்.

விற்க இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள் நரி நயவன். அவன் கொண்டுவந்த வண்டிக்குப் பெயர் ராஜரதம். அடேயப்பா, என்ன பளபளப்பு. கூரையிலே கண்ணாடி. உட்கார்ந்தால் உள்ளே அமுங்கும் இருக்கை. கதவைத் திறந்தால் ஒரு பாட்டு, மூடினால் ஒரு பாட்டு.

இரண்டாவது ஆள் காட்டுப்பன்றி கோரன். அவன் வண்டிக்குப் பெயரே கிடையாது. மண் நிறம். கதவைத் திறக்க ஓர் உதை, மூட ஓர் உதை.

"எங்கே, உங்க வண்டியைப் பத்திச் சொல்லுங்க" என்றார் காட்டுத் தலைவரான மயில்.

கோரன் தரையைப் பார்த்தான். "இழுக்கும்" என்றான். அவ்வளவுதான். அவன் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

நயவன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். "தலைவரே, ரெண்டும் பெரிய வண்டிதான், ஒத்துக்கறேன். ஆனா உங்க தோகைக்குத் தனி இடம் வெச்ச வண்டி இது ஒண்ணுதான். மேடு, பள்ளம், காடு, கரம்பு, எங்கே விட்டாலும் நாலு சக்கரமும் ஓடும்."

மயில் வண்டிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். அவருக்கு அப்போதே மனசு விழுந்துவிட்டது.

"நரியண்ணே, ஒரு சந்தேகம்" என்றாள் காராயி. அவள் எதையும் நிதானமாகத்தான் கேட்பாள். "நாலு சக்கரமும் இழுக்குமா?"

"நாலும் ஓடும்கா."

"ஓடும், சரி. இழுக்குமா?"

"அட, நாலும் சும்மா பறக்கும்னு சொல்றேன். நீங்க ஓர் ஓரமா நின்னு அசைபோடுங்கக்கா" என்றான் நயவன். கூட்டம் சிரித்தது.

காராயிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் 'ஓடும்' என்ற அந்த வார்த்தை அவள் காதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

காட்டுக்கு வருமுன் காராயி ஓர் ஊரில் பாரவண்டி இழுத்தவள். அவளோடு நுகத்தடியில் பூட்டிய ஜோடி சடையன் என்று ஓர் எருமைக்கடா. கழுத்திலே சலங்கை, கொம்பிலே வர்ணம். அவன் நடையைப் பார்த்து ஊரே சொக்கும். ஆனால் ஏற்றம் வந்தால் சடையன் கூடவே நடப்பானே தவிர, இழுக்கமாட்டான். அவன் பக்கத்துக் கயிறு தொய்ந்து கிடக்கும். பாரம் முழுக்கக் காராயியின் தோளில். சமதரையில் இது யாருக்கும் தெரியாது. ஏற்றத்தில் அவளுக்கு மட்டும் தெரியும்.

கூட ஓடுவது வேறு, இழுப்பது வேறு. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்.

"வேற கேள்வி இல்லைன்னா பூஜையைப் போட்டுடலாமே" என்று அவசரப்படுத்தினான் நயவன். "நல்ல நேரம் போயிட்டிருக்கு."

அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காட்டில் புது வண்டி வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுப்பார்கள். நாலு பழமும் நசுங்கிவிட்டால் வண்டி வாங்கினவருடையது. அப்புறம் திருப்பிக் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை.

மயில் தலையை ஆட்டிவிட்டார். தேன் குடங்கள் நயவன் பக்கம் நகர ஆரம்பித்தன. காராயி கூட்டத்தின் ஓரத்தில் படுத்திருந்த பொட்டைப் பார்த்தாள். பொட்டு ராஜரதத்தைப் பார்க்கவில்லை. மலை உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காராயிக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"தலைவரே, வாங்கறதுன்னு ஆயாச்சு. பூஜையை எங்க ஊர் வழக்கப்படி போட்டா நல்லது" என்றாள். "வண்டியை ஓடையோரத்து ஈரமண்ணில நிறுத்தணும். பின்பக்கத்தை ஒரு மரத்தோட இழுத்துக் கட்டணும். 'எங்களை விட்டுப் போயிடாதே'ன்னு வண்டியை ஒரு தரம் பிடிச்சுவெக்கற மாதிரி. அப்புறம்தான் பழம் வெக்கணும்."

குழந்தைகளே, இப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. இது நமக்குள் இருக்கட்டும்.

"எந்த வழக்கமானாலும் சீக்கிரம் ஆகட்டும்" என்றான் நயவன். அவன் கண் தேன் குடத்தின் மேலேயே இருந்தது.

ராஜரதத்தை ஓடையோரம் நிறுத்தினார்கள். ஆல விழுதைத் திரித்த வடத்தால் அதன் பின்பக்கத்தை மருதமரத்தோடு விறைப்பாகக் கட்டினாள் காராயி. நாலு சக்கரத்தையும் ஒட்டினாற்போல் நாலு பழத்தை வைத்தாள்.

நயவன் உள்ளே ஏறி வண்டியைக் கிளப்பினான். ராஜரதம் உறுமியது. வடம் இழுபட்டது. வண்டி நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் மிதிங்கண்ணே" என்றாள் காராயி.

நயவன் மிதித்தான். பின்சக்கரம் இரண்டும் ஈரமண்ணைக் கிழித்துக்கொண்டு சுழன்றன. அவற்றுக்கு வைத்த இரண்டு பழமும் கூழாகிச் சிதறின. முன்சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. அவற்றுக்கு வைத்த பழங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி, மஞ்சள் கலையாமல் உட்கார்ந்திருந்தன.

காராயி குனிந்து அந்த இரண்டு பழத்தையும் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"முன்சக்கரம் ரெண்டும் சடையன்" என்றாள். பிறகு, சடையனை அங்கே யாருக்கும் தெரியாது என்று நினைவு வந்து, விளக்கிச் சொன்னாள். "வண்டி ஓடினா இதுங்களும் கூட உருளும். இழுக்காது. ஏத்தத்துல பின்சக்கரம் புதைஞ்சா, இது ரெண்டும் வேடிக்கைதான் பார்க்கும்."

நயவன் இறங்கினான். "நான் பொய் சொல்லலையே. நாலும் ஓடும்னுதானே சொன்னேன்?"

"ஆமாண்ணே, அதைத்தான் சொன்னீங்க. நான்தான் இழுக்குமான்னு ரெண்டு தரம் கேட்டேன்."

"பூஜை போட்டாச்சு. வண்டி உங்களோடது" என்று குரலை உயர்த்தினான் நயவன்.

"வழக்கம் நாலு பழம் நசுங்கணும்கிறது. ரெண்டு என் கையில முழுசா இருக்கே" என்றாள் காராயி.

தேன் குடங்கள் வந்த வழியே திரும்பி நகர்ந்தன.

அடுத்து கோரனின் வண்டி. அதே ஈரமண், அதே மரம், அதே வடம். கையிலிருந்த இரண்டு பழத்தோடு இன்னும் இரண்டைப் பறித்து வைத்தாள் காராயி. கோரன் ஓர் உதை விட்டுக் கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பினான்.

வடம் நறநறத்தது. மருதமரத்திலிருந்து காய்ந்த இலை கொட்டியது. நாலு சக்கரமும் மண்ணை வாரி இறைத்தன. எலுமிச்சை வாசனை ஓடையோரம் முழுக்க அடித்தது. நாலு பழத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. மயில் தலைவரின் தோகையில் பாதி சேற்றில் நனைந்துவிட்டது.

"இதுல என் தோகைக்கு இடம் இல்லையே" என்றார் மயில், பாவமாக.

"அந்த இடத்துலதான் தலைவரே பொட்டு படுத்துக்கணும்" என்றாள் காராயி.

மயில் பொட்டைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "தேனைக் கோரன்கிட்ட கொடுங்க" என்றார்.

கோரன் பத்து நாளும் கூடவே இருந்து காராயிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். குளம்பால் வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் காட்டில் முடியும்.

தவளைகள் சொன்ன நாளில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மதியம் பொட்டுக்கு வலி கண்டது. பின்னால் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்கவைத்து, காராயி வண்டியை எடுத்தாள்.

போன வருஷம் கால் புதைந்த அதே இடம் வந்தது. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கின. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அக்கா" என்றாள் பொட்டு பின்னாலிருந்து.

"இரு தாயி. முன்னாடி ரெண்டு இருக்கு" என்றாள் காராயி. அப்படியே மிதித்தாள். முன்சக்கரம் இரண்டும் மண்ணைக் கவ்வின. வண்டி குலுங்கியது, முனகியது, மேலே ஏறியது.

அன்று பொழுது சாய்வதற்குள் கரடி வைத்தியரின் குகையில் ஒரு குட்டி பிறந்தது. உடம்பெல்லாம் ஈரம், காது மட்டும் பெரிசு. வாசலில் நின்ற காராயியை வைத்தியர் உள்ளே கூப்பிட்டார்.

குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது. முதலில் பின்னங்கால் இரண்டும் எழும்பின. முன்னங்கால் இரண்டும் மடங்கி, மூக்கு தரையில் இடித்தது. மறுபடி பின்னங்கால்கள் எழும்பின. மறுபடி மூக்கு இடித்தது. காராயி குனிந்து பார்த்தாள்.

பொட்டு களைப்போடு சிரித்தாள். "என்னக்கா, இதுக்கும் பழம் வெச்சுப் பார்க்கணுமா?"

காராயி பதில் சொல்லுமுன் குட்டி முன்னங்கால் இரண்டையும் ஊன்றிவிட்டது. நாலு காலும் நடுங்க நடுங்க நின்று, ஓர் அடி எடுத்துவைத்து, நேராக எருமையின் மடியில் போய் முட்டியது.

"நான் உன் அம்மா இல்லைடா, அம்மா அந்தப் பக்கம்" என்றாள் காராயி. ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் இருந்த கனம் அப்போது இறங்கிவிட்டது.

நீதி: கூட ஓடுகிறவர் எல்லாரும் பாரம் இழுக்கிறவர் அல்லர், ஏற்றம் வருமுன்பே இழுக்கவைத்துப் பார்.